நிமிரா முதுகும் கல்லடைப்பும்

லூக்கா சுவிசேஷத்தின் 13-ஆம் அதிகாரத்திலே, 18 ஆண்டுகளாக நிமிரமாட்டாது கூனியிருந்த ஒரு பெண்ணின் வரலாறு வருகின்றது. அவளுக்குற்றது முதுகெலும்பை இறுக்கும் வாதமே என மருத்துவருள் சிலர் கருதுவர். அஃது எவ்வாறாயினும், அவ்வாதத்தை 1893-க்கும் 1898-க்கும் இடையில் ருஷியரான பெக்டெரெவ், ஜெர்மானியரான ஸ்ட்ரம்பெல், பிரெஞ்சுக்காரரான பியேர் மாரி என்னும் மூவரும் விரித்தெழுதினர். ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸ் என்பது அதன் பெயர்.

இது முதுமைக்குரிய நோயன்று. பெரும்பாலும் 45 வயதிற்குள்ளேயே தொடங்குவது. எம்மனைய மாணாக்கர் பருவத்தாரையும் பற்றுவது. இடுப்பெலும்பும் முதுகின் அடியெலும்பும் பொருந்துமிடத்தில் அழற்சி தோன்றி மேலேறும். பல்லாண்டு கழிந்தபின் எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, முதுகு மூங்கிற்கழிபோல் விறைத்தலும் உண்டு.

இந்நோயுடையார்க்குச் சிறுநீரகத்திற் கல்லுண்டாதல் பிறரினும் மிகுதி. சுவீடன் தேசத்தில் 8,000-க்கு மேற்பட்ட நோயாளரைக் குறித்துச் செய்து 2014-இல் வெளியான ஆராய்ச்சி, அம்மிகுதி ஏறத்தாழ இருமடங்கு எனக் காட்டிற்று. முதுகிலுள்ள வாதத்திற்கும் சிறுநீரகத்திலுள்ள கல்லுக்கும் தொடர்பு யாதெனின், கூறுதும். அழற்சியால் எலும்பு மெலியுங்கால் அதனின்று நீங்கும் சுண்ணாம்புச்சத்து சிறுநீரிற் சேர்தல் கூடும். அன்றியும், இந்நோயாளருட் சிலர்க்குக் குடலிலும் அழற்சி உண்டு. அதனாற் செரியாத கொழுப்பு, உணவிலுள்ள சுண்ணாம்புச்சத்தைப் பற்றிக்கொள்ளும். அச்சத்தோடு கூடி மலத்தில் கழியவேண்டிய ஆக்ஸலேட், துணையிழந்து இரத்தத்திற் புகுந்து, சிறுநீரகத்தை அடைந்து, ஆண்டுள்ள சுண்ணாம்புச்சத்தோடு கூடிக் கல்லாகின்றது.

ஈண்டு ஒரு பேரிடர் உளது. நாள்தோறும் முதுகு நோவார், கல்லால் வந்த நோவையும் பழைய நோவேயென எண்ணி வாளாவிருத்தல் கூடும். ஆதலின் வேறுபாடறிதல் வேண்டும். வாதநோவு பின்னிரவிலும் விடியலிலும் மிக்கு, ஓய்வால் தணியாது, உடலை இயக்கத் தணியும். கல்நோவோ விலாப்புறத்தே திடுமெனத் தோன்றி, அலையலையாய்க் கவட்டை நோக்கி இறங்கும். எவ்வாறு கிடப்பினும் தணியாது. குமட்டலும் சிறுநீரிற் குருதியும் உடன்வரலாம். குளிர்சுரமும் கூடின் ஒருநாளும் தாழ்த்தலாகாது. அடைபட்ட சிறுநீரகத்தில் நச்சுக்கிருமி பெருகின் உயிர்க்கே கேடாம்.

காக்கும் வழியோ எளிது. நாளொன்றுக்கு 2 லிட்டருக்குக் குறையாது சிறுநீர் கழியுமளவு நீர் பருகுக, உப்பைக் குறைக்க. கல் சுண்ணாம்பினாலாயது என்றஞ்சிப் பாலும் மோரும் விலக்கற்க. உணவோடு செல்லும் சுண்ணாம்புச்சத்தே ஆக்ஸலேட்டைக் குடலிலே தடுப்பது. நோவடக்கும் மாத்திரைகளுட் பல சிறுநீரகத்தை வருத்துமாதலின், மருத்துவரைக் கேளாது அவற்றைத் தொடர்ந்து உண்ணற்க.

பழகிய நோவென்று எதனையும் இகழாது, புதிதாய் வந்ததைப் புதிதென்றே உணர்ந்து உரியாரிடம் உரைத்தல் நோயாளர் கடன்; அதனைச் செவிசாய்த்துக் கேட்டல் உடனுறைவார் கடன்.