பெயரற்ற கைப்பிடிகளின் பிறப்பாராய்ச்சி

அடியில் சிறு மூடியும் உள்ளே சேமிப்பறையும் கொண்ட பழந்துப்பாக்கிக் கைப்பிடிகள் சிலவற்றில் ஆக்கியோர் பெயரோ எண்ணோ காணப்படுவதில்லை. தொகுப்பாளர் பலர் புறவடிவை நோக்கியே தீர்ப்புரைத்துவிடுகின்றனர். புறவடிவை எவரும் படியெடுக்கலாம். ஆதலின் ஆய்வு உட்புறத்தில் தொடங்குதல் வேண்டும்.

முதற்சான்று பொருந்துவாய். அமெரிக்க எம்16, ஏஆர்-15 துப்பாக்கிகளில் ஒற்றைத் திருகாணி பிடியின் உட்குடைவு வழியே மேலேறி உடற்கூட்டைப் பற்றும். பிடியின் வலப்புற மேல்விளிம்பில் நுண்துளை ஒன்றுண்டு. பாதுகாப்புத் தாழின் ஊசியை உந்தும் சுருள்வில் அதனுள் அமரும். பிடியைக் கவனமின்றிக் கழற்றி, தெறித்தோடிய வில்லைத் தரையில் தேடியோர்க்கு இத்துளை மறவாது. அது தன் இடத்தில் அமைந்திருப்பின் துப்பாக்கிக் குடும்பம் எதுவெனத் துணியலாம்.

உட்குடைவு திருகாணிக்கென அமைந்தது, மூடியிட்டதும் அறையாயிற்று. அத்தகைய அறைக்குத் தேவையும் இருந்தது. வியட்நாமில் எம்16 அடிக்கடி சிக்கியதை 1967இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் இக்கார்டு துணைக்குழு ஆராய்ந்தபோது, வெடித்தூள் மாற்றத்தோடு துப்புரவுக் கருவிகளின் பற்றாக்குறையும் வெளிப்பட்டது. பின்னர் எம்16ஏ1 துப்பாக்கியின் தோளில் பதியும் பின்கட்டையிலேயே கதவுடன் கூடிய அறை அமைக்கப்பட்டது.

காலத்தைக் கணிக்க, விரலிடைப் புடைப்பு ஓரளவு உதவும். 1980களின் எம்16ஏ2 பிடியில் அது உண்டு. எம்16ஏ1 பிடியில் இல்லை. எனினும் புதியவர் பழைய வடிவில் வார்ப்பதைத் தடுப்பார் யார்?

நெகிழியின் இயல்பு இதனினும் உறுதியான சான்று. நைலான் 66இன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.14 கிராம், 30 விழுக்காடு கண்ணாடி இழை கலப்பின் 1.37 வரை உயரும். பிடியைக் காற்றிலும் நீரிலும் நிறுத்து, எடைக் குறைவால் காற்றெடையை வகுத்தால் இவ்வெண் கிட்டும். திருகாணியை அகற்றி, மூடியைத் திறந்து, அறையில் தங்கிய காற்றுக்குமிழிகளை முற்றும் வெளியேற்றல் வேண்டும். இன்றேல் கனத்த பிடியும் இலேசானதாகத் தோன்றும். அகச்சிவப்பு நிறமாலையில் 1640, 1540 என்னும் அலையெண்களை ஒட்டி இரு வலிய உறிஞ்சல்கள் தென்படின் நைலான் எனக் கொள்ளலாம். பீனால் பிசினால் ஆன பிடியோ, விரலால் அழுத்தித் தேய்த்துச் சூடேற்றினால் கார நெடி வீசும். சுடுஊசியால் குத்திப் பார்க்கும் வழக்கம் பழம்பொருளுக்கு இழைக்கும் கேடு. அதை நான் ஏற்பதில்லை.

எஞ்சுவன அச்சின் தழும்புகள்: நெகிழி உட்புகுந்த வாயின் வடு, வார்ப்பை வெளித்தள்ளிய ஊசிகளின் வட்டத்தடம், அச்சுப் பாதிகள் கூடிய கோடு. மூல உறை பிரியாத பிடி ஒன்றிலும் நம் பிடியிலும் ஒரே கீறல் ஒரே இடத்தில் படிந்திருப்பின், இரண்டும் ஓரச்சில் பிறந்தவை என வலுவாகக் கருதலாம். ஆயினும் அச்சுகள் விலைக்கு விற்கப்பட்டுக் கைமாறுவன. ஓரச்சில் பிறந்தவை எல்லாம் ஒரே நிறுவனத்தார் ஆக்கியவை ஆகா.