பின்னல் பத்திரம்!

ஷூவுக்கு பாலிஷ் போடுவதைத் தவிர வேறெதையும் பராமரித்து அறியாத பிரம்மச்சாரிகளே, ஒரு நிமிஷம்!

என் அக்காவுக்கு கீமோதெரபி. மூன்றாவது வாரமே முடி கொட்டிவிட்டது. "பின்னல் இல்லாம வாசப்படி தாண்ட மாட்டேன்டா" என்றாள். நீளமாகப் பின்னிய விக் ஒன்று வாங்கினோம். பராமரிப்பு இலாகா எனக்கு!

அது செயற்கை இழை. முதல் எதிரி, சூடு. அடுப்பு அனல், இட்லிப் பானை ஆவி, ஹேர் டிரையர் எது பட்டாலும் இழை சுருண்டுவிடும். கெட்டால் கெட்டதுதான். இரண்டாவது எதிரி, அம்மாவின் பாசம். அதாவது தேங்காய் எண்ணெய்! விக்குக்குத் தடவினால் முடி வளராது, அழுக்குதான் வளரும்.

ஏழெட்டு தடவை போட்டதும் குளியல். பின்னலைப் பிரிக்காமல், ஷாம்பு கலந்த பச்சைத் தண்ணீரில் முக்கி, மெல்ல அழுத்தணும். வியர்வை தங்குவது உள்வலையில். அதை விரலால் ஒற்றணும். கசக்கக் கூடாது. பி.காம். பாஷையில் சொன்னால், தேய்த்தால் தேய்மானம்! நன்றாக அலசி, துண்டில் ஒற்றி, கவிழ்த்த பாத்திரத்தின் மேல் நிழலில் உலர்த்தணும். பின்னலுக்குள் ஈரம் லேசில் போகாது. அரைகுறையாகக் காய்ந்ததைப் போட்டால் வாடை, அரிப்பு. சிகிச்சை சமயத்தில் தலைத்தோல் ரொம்ப மென்மை. அதனால் உள்ளே ஒரு பருத்திக் குல்லா அவசியம்.

சிகிச்சை முடிந்து ஓரிரு மாதத்தில் பெரும்பாலானவர்களுக்கு சொந்த முடி தலைகாட்ட ஆரம்பித்துவிடும். அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் என் பைக்குக்கு லீவு. வாட்டர் சர்வீஸ், விக்குக்குத்தான்!