இடுப்பு முறிந்தால் எல்லாம் முடிந்துவிட்டதா? ஆச்சியை மீண்டும் நடக்கவைக்கும் விஷயங்கள்!

‘ஆச்சி பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாவ...’

சென்னையிலோ துபாயிலோ இருக்கும் பிள்ளைகளுக்கு ஊரிலிருந்து இப்படி ஒரு போன் வந்தால், அடுத்த சில மணி நேரம் வாக்குவாதம்தான். பாளையங்கோட்டை ஐகிரவுண்டுக்குக் கொண்டுபோவதா, கட்டுப் போடுகிறவரிடம் போவதா, ‘இந்த வயசுல ஆபரேஷன் தாங்குமா’ என்று ஆளுக்கொரு யோசனை. ஆச்சி மறுபடி நடப்பாரா என்பதை வயது மட்டும் தீர்மானிப்பதில்லை. இந்த வாக்குவாதம் எவ்வளவு நேரம் நீள்கிறது என்பதற்கும் அதில் பெரிய பங்கு உண்டு.

கட்டுப் போட்டால் சேராதா?

கை எலும்பில் கீறல் என்றால் வெளியிலிருந்து கட்டி அசையாமல் நிறுத்தலாம். இடுப்பு மூட்டு ஆழத்தில், பெரிய தசைகளுக்கு அடியில் இருக்கிறது. எந்தக் கட்டும் அதைப் பிடித்து நிறுத்தாது. தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்து விலகினால், பந்து போன்ற மேல்முனைக்குப் போகும் ரத்த ஓட்டமும் தடைபடலாம். அதனால்தான் பந்தையே மாற்றுகிறார்கள். சற்றுக் கீழே முறிந்தால் கம்பியோ, ஸ்க்ரூவோ வைத்துப் பொருத்துவார்கள்.

இதைத் தவிர்த்து மாதக்கணக்கில் படுக்க வைத்தால் படுக்கையே ஆபத்தாகிறது. நெஞ்சில் சளி கட்டி நிமோனியா, காலில் ரத்தக்கட்டி, முதுகில் படுக்கைப்புண் என்று ஒவ்வொன்றாக வரும். எனவே 80, 90 வயதிலும் பெரும்பாலானோருக்கு அறுவை சிகிச்சையையே மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள்.

நேரம் முக்கியம்

36 முதல் 48 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை நடப்பது நல்லது என்பது பொதுவான வழிகாட்டுதல். இந்தியா உட்பட 17 நாடுகளில் 2,970 பேரிடம் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2020-ல் வெளியானது. சுமார் 6 மணி நேரத்தில் அறுவை சிகிச்சை பெற்றவர்களையும், சுமார் 24 மணி நேரத்தில் பெற்றவர்களையும் ஒப்பிட்டார்கள். இறப்பு விகிதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால், சீக்கிரம் செய்துகொண்டவர்களுக்கு மனக்குழப்பமும் சிறுநீர்த் தொற்றும் குறைவு. அவர்கள் சீக்கிரமே எழுந்து நின்றார்கள்.

விழுவதற்கு முன் எப்படி இருந்தார்?

இதை மாற்ற முடியாது. ஆனால் தெரிந்துகொள்ள வேண்டும். குறுக்குத்துறைக்குத் தானே நடந்துபோய்க் குளித்துவந்தவருக்கும், வீட்டுக்குள்ளேயே சுவரைப் பிடித்து நடந்தவருக்கும் மீட்சி ஒன்றாக இருக்காது. ரத்தசோகை, இதய நோய், சிறுநீரகப் பாதிப்பு, மறதி நோய் ஆகியவையும் மீட்சியைத் தாமதப்படுத்தும். இடுப்பு முறிந்த முதியவர்களில் ஐந்தில் ஒருவரோ, நான்கில் ஒருவரோ ஓராண்டுக்குள் இறப்பதாகப் பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. பிழைப்பவர்களிலும் பலருக்குப் பழைய நடை முழுதாகத் திரும்புவதில்லை. அதனால்தான் அடுத்து வரும் வாரங்கள் முக்கியமானவை.

பாசமே தடையாகலாம்

மருத்துவர் அனுமதித்தால் மறுநாளே வாக்கர் பிடித்து எழுந்து நிற்க வேண்டும். ‘பாவம், வலிக்குது... படுத்திருக்கட்டும்’ என்று தடுப்பது பெரும்பாலும் வீட்டார்தான். வலி மாத்திரையை நேரத்துக்குக் கொடுத்தால் பயிற்சி எளிதாகும். வீடு திரும்பிய பிறகும் பயிற்சி தொடர வேண்டும். 2021 ஆகஸ்ட்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை அளிக்கும் வசதி உண்டு. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

ராத்திரியில் உளறினால்...

ஆஸ்பத்திரியில் திடீரென்று ஆள் அடையாளம் தெரியாமல் பேசுவது, டியூபைப் பிடுங்குவது ஆகியவை பேய் பிடித்ததாலோ, பைத்தியத்தாலோ அல்ல. வலி, தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, தூக்கமின்மை ஆகியவற்றால் வரும் தற்காலிகக் குழப்பம் அது. உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். கண்ணாடியையும் காது மெஷினையும் மாட்டிவிடுங்கள். தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.

தட்டில் என்ன இருக்கிறது?

வெறும் கஞ்சியும் ரசஞ்சோறும் தசையை வளர்க்காது. ஒரு கிலோ உடல் எடைக்குக் குறைந்தது ஒரு கிராம் புரதம் தேவை. 50 கிலோ எடை என்றால் தினமும் 50 கிராமுக்குக் குறையக் கூடாது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் இருக்கிறது. மீன், பால், சுண்டல், நெல்லை வீடுகளின் உளுந்தம்பருப்புச் சோறு என எதுவும் கைகொடுக்கும். உளுந்தங்களியும் நல்லதுதான், சர்க்கரை நோயாளிகள் கருப்பட்டியின் அளவைப் பார்க்க வேண்டும். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டே புரதத்தைக் கூட்ட வேண்டும்.

அடுத்த முறிவைத் தடுக்க...

நின்ற உயரத்திலிருந்து விழுந்தே எலும்பு முறிந்தது என்றால், பெரும்பாலும் எலும்புத் தேய்மானம்தான் காரணம். அதற்கும் மருந்து உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை போடும் ஊசி, புதிய முறிவுகளை 35% குறைத்ததாக 2007-ல் வெளியான ஆய்வு காட்டியது. டிஸ்சார்ஜ் ஆகும்போதே இதைக் கேளுங்கள்.

வீட்டையும் மாற்றுங்கள். உயரமான நிலைப்படி, ஈரமான முற்றம், இருட்டுப் புழக்கடை மூன்றும் விழவைக்கும் இடங்கள். பாத்ரூமில் கைப்பிடியும், இரவு விளக்கும் அவசியம். முறத்தை மடியில் வைத்துத் தரையிலேயே உட்கார்ந்து பீடி சுற்றிப் பழகிய முக்கூடல் பெண்களுக்கு நாற்காலி புதிதாகத்தான் இருக்கும். ஆனாலும் மருத்துவர் சொல்லும்வரை தரையில் உட்காருவதும், குத்தவைப்பதும் கூடாது. பாசி பிடித்த படித்துறைக்கு இப்போதைக்கு லீவு விடுங்கள்!

விழுந்தவுடன் செய்ய வேண்டியவை

* கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பு முறிவாக இருக்கலாம். அப்படித் திரும்பாவிட்டாலும், காலை ஊன்ற முடியவில்லை என்றால் எக்ஸ்ரே அவசியம்.
* எழுப்பி நடக்கவைக்காதீர்கள்; எண்ணெய் தேய்த்து நீவாதீர்கள். 108-ஐ அழையுங்கள்.
* மாத்திரைச் சீட்டுகளையும், மருத்துவக் காப்பீட்டு அட்டையையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.
* ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், அதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லுங்கள்.