ஆறு மாதத்துக்குப் பிறகும் விரை இறங்கவில்லையா?

குழந்தையைக் குளிப்பாட்டும்போது விரைப்பையின் ஒரு பக்கம் காலியாகத் தொங்குவதை முதலில் கவனிப்பது பெரும்பாலும் தாயோ பாட்டியோதான். ‘வளர வளரத் தானா இறங்கிடும்’ என்பார்கள். ஆறு மாதம் வரை அந்தப் பேச்சு சரி. அதற்கு மேல் சரியல்ல. விரைப் புற்றுநோய்க்கான காரணிகளில் உறுதியாக நிறுவப்பட்டவற்றுள் முதன்மையானது இந்த இறங்காத விரை.

கருவில் விரைகள் உருவாவது வயிற்றுக்குள், சிறுநீரகத்துக்குப் பக்கத்தில். பிறப்பதற்கு முந்தைய மாதங்களில் அவை தொடையிடுக்கு வழியாகப் பைக்குள் இறங்குகின்றன. நிறைமாதத்தில் பிறக்கும் ஆண் குழந்தைகளிலும் நூற்றில் ஏறக்குறைய மூன்று பேருக்கு இது முடிந்திருக்காது. குறைமாதக் குழந்தைகளில் இன்னும் அதிகம். பலருக்கு முதல் சில மாதங்களில் சரியாகிவிடும். ஆகாதவர்களுக்கு, விரையைக் கீழே கொண்டுவந்து பையில் தைக்கும் அறுவை சிகிச்சையை ஒன்றரை வயதுக்குள் செய்துவிட வேண்டும். சில குழந்தைகளுக்குக் குளிரில் மேலேறும் விரை, வெந்நீரில் உட்காரவைத்தால் இறங்கிவிடும். அதற்குப் பொதுவாக அறுவை தேவைப்படாது. ஆனால் எது எந்த வகை என்பதைக் குழந்தை மருத்துவர் தடவிப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

சுவீடனில் 1964 முதல் 1999 வரை இந்த அறுவையைச் செய்துகொண்ட ஏறத்தாழ 17,000 பேரை ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். 13 வயதுக்கு முன் செய்துகொண்டவர்களுக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்ற ஆண்களைவிட இரண்டு மடங்குக்குச் சற்று மேல். தள்ளிப்போட்டவர்களுக்கோ ஐந்து மடங்குக்கும் மேல். ஆபத்து முழுதாக விலகுவதில்லை என்பதும் இதிலிருந்து தெரிகிறது. அதனால் சின்ன வயதில் அறுவை நடந்ததைப் பையனிடம் மறைக்காதீர்கள். வளர்ந்த பிறகு தன் உடம்பைக் கவனிக்க வேண்டியவன் அவன்தான்.

அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ விரைப் புற்றுநோய் வந்திருந்தாலும் வாய்ப்பு கூடுகிறது. ஒரு விரையில் வந்தவருக்கு மற்றதிலும் வரக்கூடும். குழந்தையின்மைக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது. நார்வே, டென்மார்க் போன்ற நாடுகளில் இது அதிகம், இந்தியாவில் அரிது. அரிது என்பதாலேயே இங்கே யாருக்கும் சட்டென்று சந்தேகம் வருவதில்லை.

காரணமே இல்லாதவற்றைச் சொல்லி இளைஞர்களை வதைப்பதுதான் எனக்குத் தாங்க முடியாதது. சுயஇன்பம், இறுக்கமான ஜட்டி, பைக் ஓட்டுவது ஆகியவற்றால் இந்தப் புற்றுநோய் வருவதாக எந்தச் சான்றும் இல்லை. அந்தக் குற்றவுணர்வில் மருத்துவரிடம் போகக் கூசி மாதங்களைக் கடத்துகிறவர்கள் உண்டு. பந்து பட்டதாலும் வருவதில்லை. அடிபட்ட இடத்தைத் தடவும்போது, ஏற்கெனவே இருந்த கட்டி கைக்குத் தட்டுப்படுகிறது, அவ்வளவுதான்.

இது வருவது பெரும்பாலும் 15 முதல் 40 வயதுக்குள். வலியில்லாத, கெட்டியான கட்டி விரையிலேயே தெரிந்தால் ‘ஓதமாக இருக்கும்’ என்று விட்டுவிடாமல் சிறுநீரியல் (யூராலஜி) மருத்துவரிடம் போங்கள். ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் எடுப்பார்கள். ஒரு விரையை அகற்ற நேர்ந்தாலும், மற்றது நன்றாக இருந்தால் தாம்பத்தியத்துக்கும் குழந்தைப்பேற்றுக்கும் பொதுவாகத் தடையில்லை. ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் குணமாகிறார்கள்.