தலையைக் காணோம் பாஸ்!

கடற்கரை மணல். குச்சி மாதிரி ரெண்டு கால். அதுக்கு மேல பந்து மாதிரி ரோஸ் கலர் உடம்பு. அவ்வளவுதான்... கழுத்தையும் காணோம், தலையையும் காணோம்!

"மச்சி, இது கண்டிப்பா ஏ.ஐ. வேலைடா" என்றுதானே சொல்வீர்கள்? 2024-ல் '1839 அவார்ட்ஸ்' போட்டியின் நடுவர்களும் அப்படித்தான் நம்பினார்கள். (1839, புகைப்படம் என்ற சமாசாரம் உலகத்துக்கு அறிவிக்கப்பட்ட வருஷம்!) ஏ.ஐ. படங்களுக்கான பிரிவில் மூன்றாம் இடம் கொடுத்தார்கள். மக்கள் ஓட்டிலும் அதே படம்தான் டாப். அப்புறம்தான் மைல்ஸ் ஆஸ்ட்ரே வாயைத் திறந்தார். அது அரூபா தீவில் அவர் கேமராவில் க்ளிக்கிய நிஜமான ஃப்ளமிங்கோ. தலை எங்கேயும் போகலை, பறவை குனிந்து வயிற்றைச் சொறிந்துகொண்டிருந்தது! பரிசு பறிபோச்சு. மனுஷன் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

இதற்கு ஒரு வருஷம் முன்னால் நடந்தது அப்படியே உல்ட்டா. சோனி உலகப் புகைப்பட விருதில் ஜெயித்த ஒரு பழைய காலத்து கறுப்பு-வெள்ளைப் படம், கேமராவே தொடாத ஏ.ஐ. படம். அனுப்பிய போரிஸ் எல்டாக்சனே அதைச் சொல்லிவிட்டு, பரிசும் வேண்டாம் என்றுவிட்டார்.

ஆக, கண்ணை மட்டும் நம்பினால் நடுவருக்கே அல்வாதான். அப்படின்னா இனிமே போட்டோவுக்கு என்னதான் மரியாதை?

போபாலுக்குப் போகலாம். 1984 டிசம்பர் 2 நள்ளிரவு தாண்டி யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து விஷவாயு கசிந்தது. ஆயிரக்கணக்கானோர் செத்துப்போனார்கள். மண்ணுக்குள் பாதி மூடப்பட்ட ஒரு குழந்தையின் முகம், திறந்தபடி இருக்கும் கண்கள்... அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ரகு ராய் அதைக் கறுப்பு-வெள்ளையில் எடுத்தார். அதே குழந்தையை அதே இடத்தில் பாப்லோ பார்த்தலோமியூ கலரில் எடுத்தார். அந்தக் குழந்தை யார் என்று கடைசிவரை தெரியவில்லை. ஆனால், அப்படி ஒரு குழந்தை அங்கே புதைக்கப்பட்டது என்பதற்கு ரெண்டு கேமராக்கள் சாட்சி. அதைவிட உருக்கமான படத்தை ஏ.ஐ. பத்து செகண்டில் தந்துவிடும். ஆனா, 'நான் அங்கே நின்னேன்'னு அதால சொல்ல முடியாதே!

'அதெல்லாம் அந்தக் காலம்' என்கிறீர்களா? 2023 மே 28, டெல்லி. போராடிய மல்யுத்த வீராங்கனைகளை போலீஸ் பிடித்து வண்டியில் ஏற்றியது. உள்ளே வினேஷ் போகத்தும் சங்கீதா போகத்தும் இறுகிய முகத்தோடு உட்கார்ந்திருக்கும் படம் வெளியானது. கொஞ்ச நேரத்தில் அதே படம், அதே ஆட்கள், ஆனால் எல்லோர் முகத்திலும் ஈ...ன்னு சிரிப்பு! 'பாருங்க, போராட்டமெல்லாம் நாடகம்' என்று ஒரு கூட்டம் பரப்ப ஆரம்பித்தது. முகத்தை மாற்றும் சாதாரண மொபைல் ஆப் செய்த கைங்கர்யம் அது. இறுகிய முகத்தோடு இருக்கிற ஒரிஜினல் அன்றைக்கே வெளியாகியிருந்ததால்தான் குட்டு உடைந்தது. அது மட்டும் இல்லாமல் போயிருந்தால்?

கல்ச்சுரல்ஸ் போஸ்டருக்கு ஏ.ஐ.யில் டிராகன் பறக்கவிடுங்க, யாரும் கேட்கப்போறதில்லை. ஆனா ஹாஸ்டல் மெஸ் பிரச்னை, ஸ்ட்ரைக், வெள்ளம்னு எதையாவது க்ளிக்கினா ஒரிஜினல் ஃபைலை டெலீட் பண்ணிடாதீங்க. 'வேர்ல்டு பிரஸ் போட்டோ' போட்டியிலேயே இறுதிச் சுற்றுக்கு வருபவர்களிடம் ஒரிஜினல் ஃபைலைக் கேட்டு வாங்கித்தான் சரிபார்க்கிறார்கள். படம் பிறந்த கதையை ஃபைலுக்குள்ளேயே பூட்டி வைக்கிற கேமராவை லைக்கா கம்பெனி 2023-லேயே இறக்கிவிட்டது. விலையைக் கேட்டா மயக்கம் வரும், அதை விடுங்க.

நம்ம மொபைலே போதும். ஒண்ணே ஒண்ணு... வாட்ஸ்அப்பில் சாதாரண போட்டோவாகத் தட்டிவிட்டால் எடுத்த நேரம், கேமரா விவரமெல்லாம் கழன்றுவிடும். ஃப்ரெண்டுக்கு அனுப்பும்போது 'டாகுமென்ட்' ஆக அனுப்புங்க!