ஔகாரக் குறியும் ளகரமும்

தமிழ் நெடுங்கணக்கில் ஔகார உயிர்மெய்யின் வலப்பக்கக் குறியும் ளகர மெய்யின் அகர வடிவும் தோற்றத்தில் ஒன்றே. தாளில் அச்சிட்டுப் படித்த காலத்தில் இதனால் தீங்கு விளைந்ததில்லை. இடமறிந்து கண் படித்துக்கொண்டது. கணினிக்கோ கண் இல்லை. அது எண்களையே அறியும்.

மாணவர் பெயர்ப் பட்டியல் ஒன்றில் 'கௌரி' என்னும் பெயரைத் தேடுவதாகக் கொள்வோம். பெயர் திரையில் தெரிகின்றது. கணினியோ 'இல்லை' என்கின்றது. காரணம் யாது? 1991இல் வெளிவந்த யூனிக்கோடு முறையில் 'கௌரி' என்பதற்குக் ககரம், ஔகாரக் குறி, ரகரம், இகரக் குறி என 4 குறியீடுகள். ஒற்றைக் கொம்பும் ளகரமும் இட்டுத் தட்டச்சு செய்தாலோ 5 குறியீடுகள். உருவம் ஒன்று, உள்ளிருப்பு வேறு.

பழைய எழுத்துருக்கள் பலவற்றில் ளகரமே இரு பணியும் செய்தது. அவற்றில் அமைந்த நூல்களை யூனிக்கோடுக்கு மாற்றும்போது இப்பிழை புகுகின்றது. கொம்பையும் ளகரத்தையும் கண்ட இடமெல்லாம் ஔகாரமாக்கினால் தீர்ந்துவிடுமோ எனின், 'தெளிவு', 'கெளுத்தி' முதலிய சொற்கள் சிதையும். ளகரத்தை அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ வருமாயின் அது ளகரமே எனக் கொள்ளல் வேண்டும். ஏனைய இடங்களில் சொல்லறிவே துணை.

இத்தகைய பிழையை நாடுவோர்க்குப் பழங்கணினி கைகொடுக்கும். புதிய கணினி கொம்பை முன்னே நகர்த்தி எழுத்தை ஒழுங்குபடுத்திக் காட்டிவிடும், வேறுபாடு மறையும். தமிழ் உருவமைப்பு வசதியற்ற பழங்கணினியோ சேமித்த வரிசையிலேயே காட்டும். முதலிற் ககரம், அடுத்துக் கொம்பு, அதன்பின் ளகரம் எனப் பிழை வெளிப்படும். விரைவின்மையும் நன்மையே. 1981இல் வந்த ஐ.பி.எம். கணினியின் துடிப்பு நொடிக்கு ஏறத்தாழ 48 இலட்சம். இன்றையவற்றின் துடிப்போ பல நூறு கோடி. நூல் முழுவதையும் இமைப்பொழுதில் மாற்றும் கருவியில் முடிவை மட்டுமே காணலாம். மெல்ல இயங்குவதில் எச்சொல்லில் மாற்றம் பிறழ்ந்தது என்பதையும் காணலாம்.

கிள்ளானுக்குத் தெற்கே, செம்பனைத் தோட்டங்கள் நிறைந்த கேரித் தீவில் பிறந்தவர் முத்து நெடுமாறன். 1985இல் 'முரசு' என்னும் தமிழ் மென்பொருளை அவர் தொடங்கியது அத்தகைய மெதுவான கணினிகள் வழங்கிய காலத்திலேயாம். எழுத்தின் ஒவ்வோர் உறுப்பையும் எண்ணி அமைத்த தலைமுறை அது.

பழங்கணினி இல்லாத பள்ளிக்கும் ஒரு வழி உண்டு. ஐயமுள்ள சொல்லின் முன் சுட்டியை நிறுத்தி, அம்புக்குறி விசையை ஒருமுறை அழுத்துக. 'கௌ' முழுவதையும் அது ஒரே தாவலில் கடந்தால் எழுத்து சரியானது. இடையில் நின்றால் அங்கே இருப்பது ளகரம். பெயர்ப்பட்டியலையும் தேர்வுத்தாளையும் கணினியில் அமைக்கும் ஆசிரியர் இதனை மாணவர்க்கும் பழக்கிவிட்டால், பின்னாளில் தேடுவோர்க்கு நம் நூல்கள் கிடைக்கும்.