வாந்தி எப்போது தொடங்கியது?

1987 செப்டம்பர் 28. பிரேசில் நாட்டின் கோயானியா நகரில் ஒரு காயலாங்கடைக்காரரின் மனைவி, கடையில் வேலை பார்த்த ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். அந்த ஆளின் தோளில் ஒரு பை, பைக்குள் ஓர் உலோகத் துண்டு. கணவர் வாங்கிப்போட்ட பழைய இரும்போடு அது வந்து சேர்ந்த நாளிலிருந்து வீட்டில் ஒவ்வொருவராகப் படுத்துக்கொண்டிருந்தார்கள். நகரின் சுகாதார அலுவலகத்துக்குப் போய், டாக்டரின் மேசையில் பையை வைத்து, என் குடும்பத்தைக் கொல்வது இதுதான் என்று சொன்னார். சிறிது நேரம் அது மேசையிலேயே கிடந்தது. பிறகு டாக்டருக்கு உறுத்தியதால், அதை முற்றத்துக்குக் கொண்டுபோய் ஒரு நாற்காலியில் வைத்தார்கள். ஒரு நாள் முழுக்க அது அங்கேயே இருந்தது.

கைவிடப்பட்ட ஒரு கதிர்சிகிச்சை நிலையத்தின் இயந்திரத்திலிருந்து பெயர்த்தெடுத்த சீசியம்-137 அது. மொத்தம் 93 கிராம் சீசியம் குளோரைடு, நூறு கிராம்கூட இல்லை. இருட்டில் நீலமாக ஒளிர்ந்ததால் அதிசயப் பொருளென்று நினைத்து, உறவினருக்கும் நண்பருக்கும் கிள்ளிக் கிள்ளிக் கொடுத்திருந்தார்கள். பெயர்த்தெடுத்தது செப்டம்பர் 13. கதிர்வீச்சு என்று உறுதியானது 29. இடைப்பட்ட பதினாறு நாட்களில் பாதிக்கப்பட்டவர்கள் மருத்துவமனைகளுக்குப் போகாமல் இல்லை. போனார்கள், மருந்து வாங்கினார்கள், திரும்பி வந்தார்கள். பல மருத்துவர்கள் தவறவிட்டதை அந்தப் பெண் கண்டுபிடித்தார். அடுத்த மாதமே இறந்தும் போனார்.

ஒவ்வாமை, பூச்சிக்கடி, கெட்டுப்போன சாப்பாடு

கோயானியாவில் முதலில் வந்தவர்களுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை, ஒவ்வாமை என்று எழுதினார்கள். தோலில் புண்ணோடு வந்தவர்களை வெப்பமண்டல நோய்களுக்கான மருத்துவமனையில் சேர்த்தார்கள். அங்கேதான் ஒரு மருத்துவருக்கு முதல் சந்தேகம் வந்தது. 1999இல் பெரு நாட்டின் யனாங்கோ நீர்மின் நிலையத்தில் ஒரு வெல்டர், கீழே கிடந்த சின்ன உலோகத் துண்டை எடுத்துக் கால்சட்டையின் பின்பையில் போட்டுக்கொண்டார். குழாய் இணைப்புகளைப் படமெடுத்துச் சோதிக்கப் பயன்படும் இரிடியம்-192 அது. அன்றிரவு தொடையில் வலியும் சிவப்பும். பார்த்த மருத்துவர், ஏதோ பூச்சி கடித்திருக்கும் என்றார். கடைசியில் அவருடைய காலையே எடுக்க வேண்டியதாயிற்று.

இந்த மருத்துவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒருவர் நாற்பது வருடம் பிராக்டிஸ் செய்தும் இப்படி ஒரு நோயாளியைப் பார்க்காமலே ஓய்வு பெறலாம். தவிர, கதிர்வீச்சு நோய் நன்றாக ஏமாற்றும். முதல் நாள் வாந்தி, குமட்டல், களைப்பு. பிறகு எல்லாம் அடங்கி, சில நாளோ இரண்டு மூன்று வாரமோ ஆள் தெளிவாக இருப்பார். அதற்குள் எலும்பு மஜ்ஜை உள்ளுக்குள் ஓய்ந்துகொண்டிருக்கும். பின்னர் முடி கொட்டும், ஈறில் ரத்தம் கசியும், சாதாரணக் காய்ச்சல்கூட உயிரைக் குடிக்கப் பார்க்கும். தோல் புண்ணும் அப்படித்தான். நெருப்பு பட்டால் பட்ட நிமிடமே தெரியும். கதிர்வீச்சுப் புண் நாட்கள் கழித்துக் கொப்புளமாக எழும்போது, எங்கே சுட்டுக்கொண்டோம் என்று நோயாளிக்கே ஞாபகம் இருக்காது.

அதனால் மருத்துவர்களுக்கான பயிற்சி தொடங்க வேண்டிய இடம் அணு இயற்பியல் அல்ல, நோயாளியிடம் கேட்கும் கேள்விகள். என்ன வேலை செய்கிறீர்கள்? பழைய இரும்பு பிரிப்பீர்களா? அறிமுகமில்லாத உலோகத்தைத் தொட்டீர்களா, வீட்டுக்குக் கொண்டுபோனீர்களா? உங்களோடு இருக்கும் வேறு யாருக்காவது இப்படி இருக்கிறதா? 2000ஆம் ஆண்டு தாய்லாந்தின் சமுத் பிராகான் மாகாணத்தில், ஒரே காயலாங்கடையைச் சேர்ந்த சிலர் ஒரே மாதிரிப் புண்ணோடும் குறைந்த வெள்ளணுக்களோடும் வந்தபோது, பார்த்த மருத்துவர்கள் கதிர்வீச்சாக இருக்கலாம் என்று அந்நாட்டு அணுசக்தி அலுவலகத்துக்குத் தகவல் கொடுத்தார்கள். கோபால்ட்-60 கிடந்த இடம் கண்டுபிடிக்கப்பட்டது. மூன்று உயிர்கள் போயின. அந்தச் சந்தேகம் வராமலிருந்தால் எண்ணிக்கை மூன்றோடு நின்றிருக்குமா?

கடிகாரமும் ரத்தப் பரிசோதனையும்

உடம்பு எவ்வளவு கதிர்வீச்சை வாங்கியது என்பதைக் கிரே என்ற அலகில் சொல்வார்கள். உடல் முழுக்க ஒரே மூச்சில் சுமார் 4 கிரே பட்டு, சிகிச்சையும் கிடைக்காவிட்டால் பாதிப் பேர் இறந்துவிடுவார்கள். சம்பவ இடத்தில் அதை அளந்து வைத்திருப்பவர் யாருமில்லை. மருத்துவர் கையில் முதலில் இருப்பது கடிகாரம் ஒன்றுதான். கதிர்வீச்சு பட்டு இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு வாந்தி வந்தால் அளவு குறைவு, 2 கிரேக்குள் இருக்கலாம். ஒரு மணி நேரத்துக்குள் வந்தால் 4 கிரேயைத் தாண்டியிருக்கலாம். பத்து நிமிடத்துக்குள் என்றால் நிலைமை மிக மோசம்.

ஆனால் பயத்திலும் மனிதனுக்கு வாந்தி வரும். ஆகவே அதை மட்டும் நம்பக் கூடாது. சில மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்து லிம்போசைட் அணுக்களை எண்ண வேண்டும். முதல் நாளிலேயே அவை பாதியாகி, மறுநாளும் இறங்கிக்கொண்டே போனால் உயிருக்கு ஆபத்தான அளவு பட்டிருக்கிறது என்று பொருள். இதற்கு வேண்டியது எந்த ஊர் லேபிலும் நடக்கும் சாதாரண ரத்தப் பரிசோதனை. இன்னும் துல்லியமாக அறிய, குரோமோசோம்களில் ஏற்பட்ட சிதைவை எண்ணும் சிறப்பு ஆய்வகங்கள் உண்டு. அந்த முடிவு வரச் சில நாட்கள் பிடிக்கும்.

1986இல் செர்னோபில் அணு உலை விபத்தில் சிக்கியவர்களை மாஸ்கோவின் 6ஆம் எண் மருத்துவமனைக்கு விமானத்தில் கொண்டுவந்தபோது, அவர்களைத் தரம் பிரித்துச் சிகிச்சை தந்த குழுவின் தலைவர் அஞ்செலினா குஸ்கோவா. யூரல் பகுதியின் மாயக் அணு ஆலைத் தொழிலாளர்களுக்குப் பல ஆண்டுகள் மருத்துவம் பார்த்த அனுபவம் அவருக்கு இருந்தது. தீவிரக் கதிர்வீச்சு நோய் உறுதியான 134 பேரில் 28 பேர் அந்த ஆண்டே இறந்தார்கள். மற்றவர்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டினார்கள். அன்று 13 பேருக்குச் செய்த எலும்பு மஜ்ஜை மாற்றம் பெரும்பாலும் பலன் தரவில்லை. கவனமான செவிலியப் பராமரிப்பு, தொற்றுத் தடுப்பு, ரத்தம் ஏற்றுதல் ஆகியவைதான் பலரைக் காப்பாற்றின.

முதலில் உயிர், அப்புறம் கருவி

ஸ்ட்ரெச்சரில் வருபவரின் உடம்பில் கதிரியக்கத் தூசி இருக்கலாம், கால் முறிந்து ரத்தமும் போய்க்கொண்டிருக்கலாம். எதை முதலில் பார்ப்பது? ரத்தத்தை. மூச்சு, ரத்த ஓட்டம், காயம் எல்லாம் நிலைப்பட்ட பிறகே கதிர்வீச்சை அளக்கும் கருவி. இந்த வரிசையைக் கேட்டதும் எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள். ஒத்திகையில் கருவி கிர்ரென்று கத்தத் தொடங்கியதும் கைகள் பின்வாங்கும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் 1976 முதல் இயங்கிவரும் பயிற்சி மையம் மருத்துவர்களையும் செவிலியர்களையும் நேரில் வரவழைத்துச் செய்துபார்க்க வைப்பது இதனால்தான். வகுப்பில் கேட்டது அந்தச் சத்தத்துக்கு முன்னால் நிற்காது.

இன்னொரு குழப்பமும் தீர வேண்டும். கதிர்வீச்சு பட்டவர் வேறு, கதிரியக்கப் பொருள் ஒட்டியவர் வேறு. எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வெளியே வருபவர் யாருக்கும் ஆபத்தானவர் அல்ல, பட்டதோடு சரி. தூசி ஒட்டியவர்தான் அதை இன்னோர் இடத்துக்குப் பரப்ப முடியும். அவருடைய ஆடைகளை மெதுவாக, வெளிப்பக்கம் உள்ளே போகும்படி சுருட்டிக் கழற்றிப் பையில் கட்டினாலே ஒட்டியதில் பெரும்பகுதி, ஏறத்தாழ 90 சதவீதம்வரை போய்விடும். மீதிக்கு வெதுவெதுப்பான நீரும் சோப்பும் போதும். தேய்த்துத் தோலைக் கீறக் கூடாது, முடியை மழிக்கவும் கூடாது. இதைச் செய்பவர் கையுறை, முகக்கவசம், மேலங்கி போட்டுக்கொண்டால் அவருக்கு ஆபத்து மிக மிகக் குறைவு.

மயானத்தில் விழுந்த கற்கள்

கோயானியாவில் இறந்த நால்வரில் ஒருத்தி ஆறு வயதுச் சிறுமி. அவளை அடக்கம் செய்யப் போனபோது, மண் கெட்டுவிடும் என்று ஊரார் திரண்டு கல்லெறிந்தார்கள். பரிசோதனைக்காக விளையாட்டு அரங்கில் வரிசையில் நின்றவர்கள் 1,12,000 பேருக்கு மேல். கதிரியக்கம் ஒட்டியிருந்தது 249 பேரிடம். மற்ற அத்தனை பேரும் சுமந்து வந்தது பயம். பேரிடர் நாளில் மருத்துவமனை வாசலில் நிற்கப்போகும் கூட்டமும் அப்படித்தான் இருக்கும். அவர்களைத் தனியே அமர்த்தி, அளந்து காட்டி, புரியும் தமிழில் பேசி அனுப்பவும் ஆள் பழக வேண்டும்.

பயந்து எடுக்கும் முடிவும் கொல்லும். 2011இல் ஃபுகுஷிமா அணு உலை விபத்தில் தீவிரக் கதிர்வீச்சு நோயால் யாரும் இறக்கவில்லை. ஆனால் சுற்றியிருந்த மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் படுக்கையில் கிடந்தவர்களை அவசரமாகப் பஸ்களில் ஏற்றியதில், கவனிப்பும் தண்ணீரும் கதகதப்பும் இல்லாமல் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் மனது கனக்கிறது.

அயோடின் மாத்திரை எல்லாவற்றுக்கும் அல்ல

பொட்டாசியம் அயோடைடு தைராய்டு சுரப்பியை மட்டும் காக்கும். அதுவும் கதிரியக்க அயோடின் காற்றிலோ உணவிலோ கலந்திருந்தால், அதற்குச் சற்று முன்போ உடனேயோ சாப்பிட்டால் மட்டுமே. செர்னோபில் காலத்தில் போலந்து தன் குழந்தைகளில் ஒரு கோடிப் பேருக்கு மேல் இதைக் கொடுத்தது. சீசியத்துக்கு இது உதவாது. அதற்குப் பிரஷ்யன் ப்ளூ. சாயத்துக்குப் பயன்படும் அந்த நீலம் குடலிலேயே சீசியத்தைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியேறும். கோயானியாவில் 46 பேருக்குக் கொடுத்தார்கள். புளூட்டோனியத்துக்கு டிடிபிஏ என்ற மருந்து. வெள்ளணுக்களை ஊக்குவிக்க, புற்றுநோய்ப் பிரிவில் எல்லாரும் அறிந்த ஃபில்கிராஸ்டிம் ஊசி.

நம் ஊரில்

கதிர்வீச்சு என்றதும் நமக்குக் கல்பாக்கமும் கூடங்குளமும் ஞாபகம் வரும். அணுமின் நிலையத்தைச் சுற்றி 16 கிலோமீட்டருக்கு அவசரத் திட்டமும் ஒத்திகையும் வகுத்திருக்கிறார்கள். எனக்குக் கவலை அந்த வட்டத்துக்கு வெளியே. 2010 ஏப்ரலில் டெல்லி மாயாபுரியில் விபத்து நடந்தது அணு உலையில் அல்ல, காயலாங்கடையில். 1968இல் கனடாவிலிருந்து வாங்கி, 1985க்குப் பிறகு பயன்படாமல் கிடந்த ஆய்வுக் கருவி ஒன்றை டெல்லிப் பல்கலைக்கழகம் ஏலத்தில் விற்றது. பிரித்தவர்களுக்கு உள்ளே கோபால்ட்-60 இருப்பது தெரியாது. ஒருவர் இறந்தார்; ஒரு துண்டைப் பர்ஸில் வைத்திருந்தவருக்கு இடுப்பருகே ஆழமான புண். தோல் கறுத்து, முடி கொட்டி வந்த நோயாளியைப் பார்த்துச் சந்தேகப்பட்ட மருத்துவமனைதான் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குச் சொன்னது.

காயலாங்கடை இல்லாத ஊர் தமிழ்நாட்டில் எது? இரிடியம் வைத்து வெல்டிங்கைச் சோதிக்கும் தொழிற்கூடங்களும், கோபால்ட் வைத்துப் புற்றுநோய்க்குச் சிகிச்சை தரும் மருத்துவமனைகளும் இங்கேயும் இருக்கின்றன. எனவே ஒழுங்குமுறை வாரியத்தின் அவசர எண் ஒவ்வொரு அரசு மருத்துவமனையின் காஷுவாலிட்டி சுவரிலும் வேண்டும். கதிர்வீச்சை அளக்க, வேலை செய்யும் சர்வே மீட்டர் ஒன்றும், ஆறு மாதத்துக்கொரு ஒத்திகையும் வேண்டும். ஹவுஸ் சர்ஜன், இரவுப்பணி நர்ஸ், ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர், துப்புரவுப் பணியாளர் எல்லாரும் அதில் நிற்க வேண்டும். ஓ.பி. சீட்டில் பெயருக்கும் வயதுக்கும் கீழே, நோயாளி என்ன வேலை செய்கிறார் என்று எழுத ஒரு வரி இடம் விட வேண்டும்.